ஷேஃபர் டிரெயிலில் வண்டி இறக்குவது எப்படி? கேள்வி பதில்

யூட்டாவில் மோவாப் ஊருக்குப் பக்கத்திலுள்ள கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பலர் ஷேஃபர் டிரெயில் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மேட்டு நிலத்தின் விளிம்பிலிருந்து மணற்பாறைச் சுவரை ஒட்டி, கொண்டை ஊசி வளைவுகளாக ஏறக்குறைய 1,500 அடி கீழே இறங்கும் மண் பாதை இது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கார்த்திக்: அண்ணா, எங்களிடம் இருப்பது ஆல் வீல் டிரைவ் கிராஸ்ஓவர். இதே மாதிரி வண்டிகள் இறங்குகிற வீடியோ நிறையப் பார்த்தேன். நாங்களும் இறங்கலாமா?

காய்ந்த நாளாக இருந்தால் வண்டி இறங்கிவிடும். கீழே போய்ச் சேரும்போது பிரேக் என்ன கதியில் இருக்கும் என்பதை அந்த வீடியோக்கள் காட்டாது. பூங்கா நிர்வாகம் பரிந்துரைப்பது, தரையிலிருந்து நல்ல உயரமும் லோ ரேஞ்ச் கியரும் உள்ள ஃபோர் வீல் டிரைவ் வண்டியைத்தான். ஆல் வீல் டிரைவ் அந்தக் கணக்கில் வராது.

நான்கு சக்கரத்துக்கும் விசை போவது ஏறும்போது கைகொடுக்கும். இறங்கும்போது தேவைப்படுவது வேறு. வண்டி தன் எடையால் ஓடப் பார்க்கும், அதை எஞ்சினே பிடித்துவைக்க வேண்டும். லோ ரேஞ்ச் போட்டால், அதே எஞ்சின் வேகத்துக்குச் சக்கரம் சுற்றுவது வண்டியைப் பொறுத்து 2 முதல் 4 மடங்கு வரை குறையும். முதல் கியரில் காலைப் பிரேக்கில் வைக்காமலே நடை வேகத்தில் இறங்கலாம். அது இல்லாத வண்டியில் அந்த வேலை முழுக்கப் பிரேக்கின் தலையில் விழும்.

என்னைக் கேட்டால், உங்கள் வண்டிக்கு மோக்கி டக்வே போதும். மெக்சிகன் ஹேட் பக்கம், மாநிலச் சாலை 261இல் 3 மைல் தூரத்துக்கு வருவது. அதுவும் கொண்டை ஊசி வளைவுகள்தான், சரிவு 11 சதவீதம் வரை போகும். ஆனால் சமன் செய்து பராமரிக்கிற சரளைச் சாலை என்பதால் காய்ந்த நாளில் சாதாரணக் காரே போகும். அங்கே ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் ஷேஃபர் உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

அனிதா: இறங்கும்போது பிரேக்கை லேசாக மிதித்தபடியே வரலாமா, விட்டு விட்டு மிதிக்கணுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

லேசாக மிதித்தபடி வருவதுதான் மோசம். சூடு ஏறிக்கொண்டே இருக்கும், ஆற நேரமே கிடைக்காது.

சூட்டில் இரண்டு விதமான கோளாறு வரும். ஒன்று, பிரேக் பேட் பிடிப்பை இழப்பது. மிதி கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. இன்னொன்று, பிரேக் ஆயில் கொதிப்பது. அப்போது குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகி மிதி பஞ்சு மாதிரி அமுங்கிவிடும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் சேர்ந்தபின் தர வரையறை கேட்பது வெறும் 140 டிகிரிதான். டாட் 4க்கு இதே கணக்கு 230, 155. ஆகவே ஆயில் மாற்றிப் பல வருஷம் ஆன வண்டி என்றால் பயணத்துக்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.

ஓட்டும் முறைக்கு வருவோம். சரிவு தொடங்குவதற்கு முன், சமதளத்தில் முழுதாக நிறுத்தி, ஃபோர் லோ (நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் லோ ரேஞ்ச்) போட்டு முதல் கியருக்கு வாருங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் டி-யில் விட்டுவிடாமல் கையால் 1 அல்லது எல் போட வேண்டும். மேனுவல் என்றால் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். இறக்கத்தில் கிளட்சை மிதித்த நொடியே எஞ்சினின் பிடி போய்விடும். அப்புறம் எஞ்சின் பார்த்துக்கொள்ளும். அதையும் மீறி வேகம் கூடினால் மட்டும் அழுத்தமாக ஒரு மிதி மிதித்து, வேகம் இறங்கியதும் காலை முழுதாக எடுங்கள். எந்தக் கியரில் இறங்குவது என்பதைப் பாதி வழியில் யோசிக்கக் கூடாது, மேலேயே முடிவாகிவிட வேண்டும்.

எரிந்த வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும்.

முரளி: வளைவில்தான் பயமே. எங்கே திருப்ப ஆரம்பிப்பது? எங்களுடையது நீளமான பிக்கப்.

நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம்தான் அதிகச் செங்குத்து. மேல் பாதைக்கும் கீழ்ப் பாதைக்கும் உள்ள உயர வித்தியாசம் மாறுவதில்லை. உள்பக்கமாகப் போனால் அதைக் குறைந்த தூரத்தில் இறங்க வேண்டியிருக்கிறது. வெளிப்பக்கமாக அகலமாகப் போனால் சரிவு மிதப்படும். ஆனால் வெளி ஓரத்தின் கடைசி ஒன்றிரண்டு அடி இளகிய மண்ணாக இருக்கலாம், அதன்மேல் டயரை ஏற்றாதீர்கள். ஏற்கெனவே வண்டிகள் போன தடம் தெரியும், அதுவே எல்லை.

இரண்டாவது பின் சக்கரம். உள்பக்கப் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வருவதில்லை, இன்னும் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். வண்டி நீளமாக ஆக இது கூடும். முன் டயர் ஒரு கல்லைத் தாராளமாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கும், பின் டயர் அதே கல்லின்மேல் ஏறி நிற்கும். பிக்கப் ஓட்டுபவர்கள் சீக்கிரமே திருப்பிவிட்டுப் பக்கவாட்டில் உரசிக்கொள்வது இதனால்தான். வெளிப்பக்கமாக நேராகப் போய், வளைவின் உள்முனை உங்கள் ஜன்னலுக்கு நேரே வந்தபின் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடியுங்கள். தாமதமாகத் திருப்புகிறோமோ என்று தோன்றும். அப்படித் தோன்றினால் சரியாகச் செய்கிறீர்கள்.

ஃபோர் லோவில் பெரும்பாலான வண்டிகளில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கும். திரும்பும்போது முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் ஓட வேண்டும், பூட்டு அதற்கு விடாது. ஸ்டீயரிங் கனக்கும், வண்டி நேராகவே போகப் பார்க்கும். சரளையில் டயர் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். வெறும் பாறையில்தான் முறுக்கிக்கொண்டு முனகும். கோளாறு என்று பயப்பட வேண்டாம். ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் டிஃபரென்ஷியல் லாக் போட்டிருந்தால் மட்டும் வளைவுக்கு முன் எடுத்துவிடுங்கள்.

ஒரே வீச்சில் திரும்பவில்லையா? நின்று, பிரேக்கை விடாமல் ரிவர்ஸ் போட்டு, எதிர்ப்பக்கம் ஒடித்து, சில அடி பின்னால் வந்து மறுபடி முன்னே போங்கள். ஷேஃபரில் சாதாரண நீள எஸ்யூவிக்கு இது தேவைப்படாது, உங்களுக்குத் தேவைப்படலாம். பின்னால் வருபவர் காத்திருக்கட்டும். பானெட் பாதையை மறைத்தால் இறங்கிப் பாருங்கள். வழிகாட்ட ஒருவரை இறக்கினால், சொல்வது அவர் ஒருவராகவே இருக்கட்டும். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அவர் வண்டிக்கும் விளிம்புக்கும் நடுவிலோ, வண்டிக்கு நேர் கீழேயோ நிற்கக் கூடாது.

ஜெயந்தி: எதிரே வண்டி வந்தால் யார் ஒதுங்கணும்?

பொது வழக்கம், ஏறுகிறவருக்கு முன்னுரிமை. இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். ஏறுகிற வண்டி நின்றால் இளகிய சரிவில் மறுபடி கிளம்புவது கஷ்டம். பின்னால் வருவதென்றாலோ அது இறக்கத்தில் ரிவர்ஸ், பார்வையும் குறைவு. ஆனால் இதைச் சட்டம் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். ஏறுகிறவருக்குப் பக்கத்திலேயே ஒதுங்க இடமிருந்து உங்களுக்கு இல்லை என்றால் அவர் ஒதுங்குவதுதான் புத்தி. மேலிருந்து பார்த்தால் கீழே உள்ள வளைவுகள் பல தெரியும். அடுத்த வண்டி எங்கே வருகிறது, எந்த இடத்தில் பாதை அகலம் என்று பார்த்துக்கொண்டே இறங்குங்கள். சைக்கிளில் ஏறுகிறவர்கள் வருவார்கள், அவர்களுக்கு முழுதாக நின்று வழி விடுங்கள். புழுதியைத் தின்றபடி அந்த ஏற்றம் ஏறுவது பெரும் பாடு.

சுதா: உயரம் என்றாலே எனக்குத் தலை சுற்றும். ஓட்டப்போவது என் கணவர். நான் என்ன செய்வது?

முதலில் பூங்காச் சாலையிலேயே உள்ள ஷேஃபர் கேன்யன் காட்சிமுனையில் நின்று பாதை முழுவதையும் மேலிருந்து பாருங்கள். அங்கேயே வயிற்றைப் பிசைந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், யாரும் எதுவும் இழக்கப்போவதில்லை. போவதாக முடிவெடுத்தால் ஒரு விஷயம்: வளைவுக்கு வளைவு பள்ளம் பக்கம் மாறும். ஒரு நீட்டம் உங்கள் பக்கம், அடுத்தது அவர் பக்கம். பள்ளம் உங்கள் பக்கம் இருக்கையில் பாதையின் தூரத்து முனையைப் பாருங்கள். “பார்த்து, பார்த்து” என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓட்டுகிறவரின் கண் பாதையை விட்டு உங்களிடம் போய்விடும்.

பிரபு: டயரில் காற்றைக் குறைக்கணுமா?

குறைத்தால் நல்லது. 35 பி.எஸ்.ஐ. ஓடுகிற டயரை 25 அளவுக்கு இறக்கினால் தரையில் படும் பரப்பு கூடும், பிடிப்பும் கூடும், குலுக்கலும் குறையும். மணலுக்கு இறக்குகிற மாதிரி 15க்குப் போகாதீர்கள், கூர்மையான கல்லில் பக்கச்சுவர் கிழியும். காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸர் கையில் இல்லாவிட்டால் குறைக்கவே வேண்டாம்.

வினோத்: விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்த எஸ்யூவியில் போகலாமா?

ஒப்பந்தத்தைப் படியுங்கள். சாதாரண வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தார்ச்சாலையை விட்டு இறங்கக் கூடாது என்றே சொல்லும். மீறினால் காப்பீடு கிடைக்காது. உள்ளே மாட்டிக்கொண்ட வண்டியை இழுத்து வர 1,000 டாலருக்கு மேல் ஆவது சகஜம் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. மோவாபில் இதற்கென்றே ஜீப் வாடகைக்குக் கிடைக்கும், அதை எடுங்கள்.

ஹரிணி: மின்சார வண்டிக்கு எஞ்சின் பிரேக்கிங் இல்லையே, என்ன செய்வது?

மோட்டாரே மின்சாரம் திருப்பி எடுத்து வண்டியைப் பிடிக்கும், பல நேரம் எஞ்சினைவிட நன்றாகவே. ஒரு கண்ணி மட்டும் உண்டு. பேட்டரி முழுதாக நிறைந்திருந்தால் திருப்பி எடுக்கும் மின்சாரத்துக்குப் போக இடமில்லை, அந்தப் பிடி வெகுவாகக் குறைந்துவிடும். மேலிருந்து இறங்கத் தொடங்கும்போது 80 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

சரவணன்: 1950களில் இதில் லாரியே ஓடியதாம். இப்போது மட்டும் ஏன் இத்தனை எச்சரிக்கை?

ஓடியது உண்மைதான். முதலில் பூர்வகுடி மக்கள் நடந்த தடம். பிறகு ஷேஃபர் குடும்பத்தினர் மாடுகளை ஓட்டிப் போன வழி. 1950களின் யுரேனிய வேட்டையில் தாது ஏற்றிய லாரிகள் ஏற அகலப்படுத்தினார்கள். தேசியப் பூங்கா ஆனது 1964இல். அந்த லாரிக்காரர்கள் அதையே தொழிலாகச் செய்தவர்கள், பாதையின் ஒவ்வொரு கல்லும் தெரிந்தவர்கள். நாம் விடுமுறைக்கு வருகிறவர்கள்.

தேவி: ஆகஸ்டில் போகிறோம். மழை வந்தால்?

ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழைக் காலம். நனைந்தால் களிமண் உள்ள இடங்கள் வழவழவென்று ஆகிவிடும், ஃபோர் வீல் டிரைவ் இருந்தும் பயனிருக்காது. உங்கள் தலைக்கு மேல் மழையே இல்லாமல், மேலே எங்கோ பெய்த மழை ஓடை வழியே வெள்ளமாக வரும். ஆகவே காலையிலேயே இறங்கிவிடுங்கள். கிளம்புமுன் தகவல் மையத்தில் பாதை நிலவரம் கேளுங்கள், தண்ணீரும் அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். கீழே தண்ணீர் கிடையாது, செல்போன் சிக்னலை நம்பவும் முடியாது. குளிர்காலத்தில் பனி விழுந்தால் பாதையையே மூடுவது உண்டு.

இறங்கும்போது பின்பக்கம் வழுக்கி வெளியே வந்தால் கை தானாகவே செய்வது தப்பாகத்தான் இருக்கும். பிரேக்கைக் கூட்டாமல் விடுங்கள். சக்கரம் உருண்டால்தான் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்கும். தேவைப்பட்டால் ஆக்ஸிலேட்டரை ஒரு துளி தொடுங்கள், வண்டி நேரானதும் மறுபடி மெதுவாக்குங்கள்.

ராஜேஷ்: திரும்ப ஏறும்போது பாதியில் நின்றுவிட்டால்?

அங்கேயே திருப்பப் பார்க்காதீர்கள், சரிவுக்குக் குறுக்காக நிற்கும் வண்டி உருளும். கால் பிரேக்கை நன்றாகப் பிடித்து, ரிவர்ஸ் போட்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்து எஞ்சின் பிடியில் பின்னால் இறங்கி, சமமான இடத்திலிருந்து மறுபடி ஏறுங்கள். நியூட்ரலில் உருளவிடவே கூடாது.

லதா: அனுமதிச் சீட்டு வேண்டுமா? எங்கள் நாய்க்குட்டியும் வரும்.

ஷேஃபரில் இறங்கி, கீழிருந்து மோவாப் பக்கம் போகும் பொட்டாஷ் சாலை வழியாக வெளியேற, பூங்கா நுழைவுக் கட்டணம் போதும். கீழே பிரிந்து ஒயிட் ரிம் சாலையில் போவதானால் ஒரு நாளுக்கே தனி அனுமதி வேண்டும். அந்தச் சாலையில் உள்ள மசல்மேன் ஆர்ச் என்ற இயற்கைப் பாறை வளைவைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஷேஃபர், பொட்டாஷ் வழியில் நாய் உங்களுடன் வண்டியில் வரலாம். ஒயிட் ரிம்மில் நாய்க்கு அனுமதி இல்லை, வண்டிக்குள்ளேயே இருந்தாலும்.

அருண்: இறங்கிய பிறகு அதே வழியில் ஏறுவதா, பொட்டாஷ் சாலையா?

முதல்முறை என்றால் பொட்டாஷ். சரிவு முடிந்துவிட்டது என்று அசட்டையாக இருக்க வேண்டாம், பாறைப் படிகளும் ஓடை குறுக்கிடும் இடங்களும் அந்தப் பக்கமும் உண்டு. வழியில் பளீரென்று நீலமாகக் குளங்கள் தெரியும். பொட்டாஷ் உப்பு எடுக்கிற ஆவியாக்கும் குளங்கள், வெயிலை அதிகம் உறிஞ்சத் தண்ணீரில் சாயம் கலக்கிறார்கள். ஆலைக்குப் பிறகு தார்ச்சாலை வந்துவிடும், அங்கிருந்து கொலராடோ ஆற்றை ஒட்டியே போகலாம். தார் தொடங்கும் இடத்தில் நிறுத்தி ஃபோர் லோவை எடுத்துவிட்டு, டயருக்குக் காற்றடித்துவிட்டுக் கிளம்புங்கள். வீல் நட்டுகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.