முந்திரிப் பூவின் மணம்: கடிதம்

அன்புள்ள ஐயா,

பண்ருட்டிக்குப் பக்கத்தில் எங்கள் முந்திரித் தோப்பில் தேன் பெட்டிகள் வைத்திருக்கிறோம். பூ எடுத்துவிட்டால் தேனீக்கள் வேறெதையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. முந்திரி வாசனை அவற்றுக்குப் பிறவி அறிவா? பூவைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் கொடுத்தால் எங்கள் தோப்பிலேயே நிற்குமா? வாழைப்பழம் தின்ற கையோடு பெட்டியைத் திறக்காதே என்கிறார்களே, அது மூடநம்பிக்கைதானே?

ஒரு வாசகர், பண்ருட்டி

அன்புள்ள நண்பருக்கு,

வாழைப்பழத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அது மூடநம்பிக்கை அல்ல. கொட்டும்போது தேனீ வெளிவிடும் அபாய மணத்தில் முக்கியமான பொருள் ஐசோபென்டைல் அசிடேட். பழுத்த வாழைப்பழ வாசனையிலும் அது இருக்கிறது. அதை முகர்ந்து சீறுவதற்குத் தேனீக்குப் பாடம் தேவையில்லை. பெட்டியைத் திறக்கும்போது நீங்கள் போடும் புகை அந்த மணத்தை மழுங்கடிக்கவும் செய்கிறது.

முந்திரி வேறு கதை, அது கற்றுக்கொண்டது. தேனீ முகர்வது உணர்கொம்புகளால். ஒவ்வொன்றிலும் மணம் அறியும் நரம்பணுக்கள் சுமார் 60,000. அவை தரும் செய்தி மூளையில் ஏறத்தாழ 160 சிறு நரம்பு முடிச்சுகளில் வந்து விழுகிறது. எந்தெந்த முடிச்சு எவ்வளவு கிளர்கிறது என்ற கோலம்தான் தேனீக்கு ஒரு பூவின் மணம். அந்தக் கோலத்தோடு இனிப்பு சேர்ந்துவிட்டால் அது மனதில் நிற்கிறது.

ஆய்வுக்கூடத்தில் இதைக் காண்பது எளிது. பசித்த தேனீயைச் சிறு குழாயில் பொருத்தி, ஒரு மணத்தை ஊதி, உடனே உணர்கொம்பில் சர்க்கரை நீரைத் தொட்டால் அது நாக்கை நீட்டும். ஓரிரு முறை போதும். பிறகு மணத்துக்கே நாக்கு நீளும். 1993இல் மார்ட்டின் ஹாமர் என்ற ஆய்வாளர் இன்னொரு படி போனார். இனிப்புச் செய்தியை மூளைக்குள் பரப்பும் ஒரே ஒரு நரம்பணுவை மின்சாரத்தால் தூண்டினார். சர்க்கரையே கொடுக்காமல் தேனீ அந்த மணத்தைக் கற்றுக்கொண்டது! சுமார் பத்து லட்சம் நரம்பணுக்கள் கொண்ட மூளையில் ஒன்றுக்கு இவ்வளவு செல்வாக்கு. இந்த ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

உங்கள் பெட்டிக்குள்ளும் பாடம் நடக்கிறது. வெளியே போய் வந்த தேனீ மதுவை வாய்க்கு வாய் மாற்றும்போது, இன்னும் கூட்டைத் தாண்டாத தேனீகூட அதிலுள்ள பூ மணத்தைக் கற்றுவிடுகிறது. ஆகவே உங்கள் பாகு யோசனை சரியானதுதான். தேனீ ஆய்வாளர் கார்ல் வான் ஃபிரிஷ் சென்ற நூற்றாண்டிலேயே மணமூட்டிய சர்க்கரை நீரால் தேனீக்களைக் குறிப்பிட்ட பயிருக்கு அனுப்பிப் பார்த்தவர். பூ எடுக்கத் தொடங்கும்போதே கொடுங்கள். பாகு ஆறிய பிறகு பூவைப் போடுங்கள். கொதிக்கிற பாகில் மணம் ஆவியாகிவிடும்.

ஒன்றை மட்டும் கடிந்தே சொல்வேன். முந்திரியின் சாறு உறிஞ்சும் பூச்சியான தேயிலைக் கொசுவுக்கு மருந்து அடிக்கிறோம் என்று பூத்த மரத்தின் மேலேயே அடிக்காதீர்கள். இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்துகள் கொல்லாத அளவிலும் தேனீயின் மணப்பாடத்தைக் குலைக்கின்றன. பாகு கொடுத்துக் கற்பித்ததை நீங்களே தெளிப்பானால் அழித்த கதையாகும்.

தோப்பிலேயே நிற்குமா என்றால், அதற்கு வழியில்லை. தேனீ கற்பது முந்திரியை. உங்கள் பட்டா எண்ணை அல்ல. பக்கத்துத் தோப்புக்காரருக்கும் காய் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.