படபடப்பு நின்றுவிட்டால் மாத்திரையையும் நிறுத்தலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 58, பிபி உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிப்பது) என்று சொல்லி மெட்டோப்ரோலால், அபிக்ஸபான் இரண்டும் கொடுத்தார்கள். இப்போது படபடப்பே இல்லை. ஆனால் மாடி ஏறினால் கால் துவண்டுவிடுகிறது, விரல்கள் சில்லிட்டுப் போகின்றன, ராத்திரியில் கண்டபடி கனவு வருகிறது. துடிப்புதான் சரியாகிவிட்டதே, இரண்டையும் நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். நீங்களாகத் திடீரென்று நிறுத்துவது வேண்டவே வேண்டாம்.

சோர்வு, சில்லிடும் விரல், கனவு மூன்றுமே மெட்டோப்ரோலால் எடுப்பவர்கள் அடிக்கடி சொல்பவைதான். மாடி ஏறும்போது அட்ரினலின் இதயத்தை முடுக்கிவிட வேண்டும். அந்த முடுக்கத்தைத்தான் இந்த மாத்திரை பிடித்து வைக்கிறது, அதனால்தான் படபடப்பும் அடங்கியது, காலும் துவள்கிறது. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பலர் இதை டாக்டரிடம் சொல்வதே இல்லை, கேட்டால் மட்டும் வெளியே வரும்! சொன்னால் அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம். சட்டென்று விட்டால் துடிப்பும் பிபியும் முன்னைவிட வேகமாக ஏறக்கூடும், அதனால் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். சோர்வாக இருக்கும் நேரத்தில் நாடித்துடிப்பை எண்ணிக் குறித்துக்கொண்டு போங்கள், டாக்டருக்கு அது ரொம்ப உதவும். 50-க்குக் கீழே இருந்து தலையும் சுற்றினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

அபிக்ஸபான் கதை வேறு. அது துடிப்பைத் தொடுவதே இல்லை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும்போது, இடது மேலறையில் இருக்கும் சின்னப் பை போன்ற இடத்தில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தப் பிரச்சினை இருப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு. சிலருக்குத் துடிப்பு தாறுமாறாக ஓடும்போதுகூட ஒன்றுமே தெரியாது, ஆகவே படபடப்பு இல்லை என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. வயது, பிபி, சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இதன் வேலை ஒரு நாள் முழுக்க ஒரே மாதிரி நீடிக்காது என்பதால்தான் தினம் 2 வேளை. ஒரு வேளை மறந்துவிட்டால் அன்றைக்கே ஞாபகம் வந்ததும் போடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

கேள்வி: அம்மா துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரை எடுக்கிறார். துடிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் வெயிலில் நின்றால் முகம் எரிகிறது என்கிறார். இதய நோய்க்கு எதற்கு 6 மாதத்துக்கு ஒரு முறை தைராய்டு டெஸ்ட்?

பதில்: அந்த மருந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். தைராய்டு அதனால் மந்தமாகவும் ஆகலாம், அளவுக்கு மீறி வேலை செய்யவும் செய்யலாம். இரண்டாவது நடந்தால் பழைய படபடப்பே திரும்பி வரும், மாத்திரை வேலை செய்யவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். கல்லீரலையும் கூடவே பார்ப்பார்கள். முகம் எரிவதும் இந்த மாத்திரையால்தான்: தொப்பி, முழுக்கை உடை, சன்ஸ்கிரீன். கண்ணாடி ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் எரியலாம். வறட்டு இருமலோ மூச்சு வாங்குவதோ புதிதாக வந்தால் இருமல் மருந்து வாங்கிக் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள், இந்த மாத்திரை நுரையீரலையும் பாதிக்கக்கூடியது. அப்புறம், நிறுத்தினாலும் பல வாரங்கள், சில சமயம் மாதக்கணக்கில் உடம்பிலேயே தங்கும் மருந்து இது. வேறு எந்த டாக்டரிடம் போனாலும் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், முக்கியமாக ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிட்டால்.

கேள்வி: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறேன். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக் போடலாமா?

பதில்: நீங்களாகப் போடாதீர்கள், ரத்தக்கசிவு அபாயம் கூடும். பாராசிட்டமால் பெரும்பாலானவர்களுக்குச் சரிப்படும், அதையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. ஏற்கெனவே டைக்ளோஃபினாக் போட்டுவிட்டு மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.