தீர்மானம் போட்டும் வேலை நடக்கவில்லையா? பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதும் முன்...

கேள்வி: எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 112 பிள்ளைகள், ஐந்தாம் வகுப்புவரை 68, அதற்கு மேல் 44. ஆசிரியர்கள் நான்கு பேர்தான். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவில்லை, தண்ணீர் வருவதில்லை. முந்தைய பள்ளி மேலாண்மைக் குழு பலமுறை தீர்மானம் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. இப்போது நான் குழுத் தலைவி. மேம்பாட்டுத் திட்டத்தில் என்ன எழுதினால் வேலை நடக்கும்?

பதில்: தீர்மான நோட்டைத் திறக்கும் முன் யுடைஸ் பதிவைப் பாருங்கள், அம்மா. நாட்டிலுள்ள பள்ளிகளின் விவரங்களை அரசு ஆண்டுதோறும் திரட்டும் பதிவு அது. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அது 33 என்று தொடங்கும். அந்த எண்ணைக் கொண்டு உங்கள் பள்ளியின் விவர அட்டையைக் கைபேசியிலேயே பார்க்கலாம். கழிப்பறை எத்தனை, அதில் புழக்கத்தில் இருப்பது எத்தனை, எத்தனை வகுப்பறைகளுக்குப் பெரிய பழுது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

சமக்ர சிக்‌ஷா (மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பள்ளிக் கல்விக்கு நிதி தரும் திட்டம்) நிதிக்கான ஆண்டுத் திட்டம் வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறி டெல்லிக்குப் போகிறது. அங்கே உங்கள் தீர்மான நோட்டை யாரும் புரட்டப் போவதில்லை. யுடைஸ் எண்களை வைத்துத்தான் பேசுவார்கள். கதவில்லாத கழிப்பறை ‘புழக்கத்தில் உள்ளது’ என்று பதிவாகியிருந்தால், உங்கள் பள்ளிக்குக் குறையே இல்லை என்றுதான் கணக்கு. பல ஊர்களில் கோரிக்கை நின்றுபோவது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு. பதிவைத் தலைமையாசிரியரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். அவரைக் குற்றம் சொல்லாமல் கேளுங்கள். பதிவேற்றும் வேலை மொத்தமும் அவர் தலையில்தான் விழுகிறது. யுடைஸ் கணக்கு செப்டம்பர் 30 நிலவரப்படி எடுக்கப்படுவது. அதற்குள் திருத்தம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது ஆசிரியர் கணக்கு. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைப்படி, ஐந்தாம் வகுப்புவரை 61 முதல் 90 பிள்ளைகளுக்கு 3 ஆசிரியர்கள். ஆறு முதல் எட்டுவரை வகுப்புக்கு ஒருவராவது வேண்டும். அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி ஒவ்வொன்றுக்கும் ஆள் இருக்க வேண்டும். ஆக உங்களுக்கு 3, 3 என 6 பேர். ‘ஆசிரியர் பற்றாக்குறை’ என்று பொதுவாக எழுதாதீர்கள். ‘68-க்கு 3, 44-க்கு 3; இருப்பது 4, தேவை 2’ என்று எழுதுங்கள். இதற்குப் பதில் சொல்லாமல் தள்ளுவது கடினம்.

அந்தச் சட்டத்தின் மாதிரி விதிகள் குழுவிடம் கேட்பது 3 ஆண்டு மேம்பாட்டுத் திட்டம், ஆண்டுக்கொரு துணைத் திட்டத்தோடு. வரும் ஆண்டுகளின் மாணவர் எண்ணிக்கையைக் குத்துமதிப்பாகப் போடாமல், அங்கன்வாடிப் பதிவேட்டில் யார் யார் எப்போது ஐந்து வயது முடிக்கிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள்.

பிறகு, எதை யாரிடம் கேட்பது என்று பிரியுங்கள். ஆசிரியர் தேவை வட்டாரக் கல்வி அலுவலருக்கு. ஒன்றியப் பள்ளி என்பதால் கட்டட வேலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. கதவு, குழாய் போன்ற சில்லறைப் பழுதுக்கு மேலே எங்கும் போக வேண்டாம். சமக்ர சிக்‌ஷாவின் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் 101 முதல் 250 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். அதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிக்கு என்பது நெறிமுறை. இந்த ஆண்டு அது வந்ததா, எதற்குச் செலவானது என்று குழுக் கூட்டத்தில் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்தக் கதவை முதல் செலவாக வைக்கச் சொல்லுங்கள். ஒரு பெண் பிள்ளை நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது 3 ஆண்டுத் திட்டத்துக்குக் காத்திருக்கக்கூடிய விஷயம் அல்ல.

திட்டத்தை நிதியாண்டு முடிய 3 மாதம் இருக்கும்போதே, அதாவது டிசம்பருக்குள், முடித்துவிடுங்கள். நீங்களும் தலைமையாசிரியரும் கையெழுத்திட வேண்டும். திட்டத்தோடு கொடுக்கும் மனுவில் கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். குழு தயாரிக்கும் திட்டமே அரசின் திட்டத்துக்கும் மானியத்துக்கும் அடிப்படை என்று சொல்வது அந்தப் பிரிவுதான். கொடுக்கும்போது நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கி, அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்டுங்கள்.