துப்பாக்கியில் ஒரு நம்பர், புத்தகத்தில் வேறு நம்பர்

வாசகர் கேள்வி – பதில்

துப்பாக்கி லைசென்ஸ் பற்றி வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான்கு பேருமே பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன். கலெக்டர் ஆபீஸில் ஆயுத லைசென்ஸ் சீட்டில் பல வருஷம் இருந்தவன் என்பதால் இதில் எனக்கு அக்கறை கொஞ்சம் அதிகம், பதில் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாமனார் பெயரில் தோட்டத்துக்காக வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. ஐந்து மாதம் முன்பு அவர் தவறிவிட்டார். கணவர் பெயருக்கு மாற்றலாம் என்று லைசென்ஸ் புத்தகத்தைப் பார்த்தால் நம்பர் 17438, துப்பாக்கியில் 17488 போலத் தெரிகிறது. ஸ்டேஷனுக்குப் போனால் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து பீரோவிலேயே வைத்திருக்கிறோம். – வாசகி, உடுமலை

பதில்: அம்மா, முதலில் அது பீரோவை விட்டு வெளியேற வேண்டும். லைசென்ஸ் உங்கள் மாமனார் ஒருவருக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. அவர் போனதும் அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க யாருக்கும் உரிமை கிடையாது, தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று 1959 ஆயுதச் சட்டத்தின் 21வது பிரிவு சொல்கிறது. நம்பர் குழப்பத்தைவிட இந்த ஐந்து மாதம்தான் எனக்குக் கவலை. நீங்களாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, இறந்த தேதியையும் துப்பாக்கி வீட்டில் இருப்பதையும் நம்பரில் சந்தேகம் இருப்பதையும் நீங்களே சொல்லிவிட்டு, அவர்கள் சொல்கிறபடி இறப்புச் சான்றிதழ், புத்தகம், மிச்சத் தோட்டா எல்லாவற்றையும் சேர்த்து ஒப்படையுங்கள். நாமே முன்வந்து சொல்வதற்கும் அவர்கள் வந்து கண்டுபிடிப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

ரசீது எழுதும்போது பக்கத்திலேயே இருங்கள். பெரும்பாலும் புத்தகத்தைத் திறந்து அதில் உள்ள நம்பரையே ரசீதில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். “ஐயா, துப்பாக்கியைப் பார்த்து எழுதுங்கள், புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறது” என்று தயங்காமல் கேளுங்கள். 3 தானா 8 தானா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. வண்டியை எப்.சி. காட்டும்போது சேசிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்களே, அதேதான். குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழலின் அடியில் நம்பர் வெட்டிய இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத் தேய்த்தால், பல வருஷ எண்ணெயும் தூசியும் சேர்ந்து 8 ஆகிவிட்ட 3 பேப்பரில் 3 ஆகவே விழும். இதை டீலரோ ஸ்டேஷனில் உள்ளவர்களோ செய்யட்டும், வீட்டில் வேண்டாம்.

நிஜமாகவே இரண்டும் வேறு வேறு என்றாலும் பயப்பட ஒன்றுமில்லை. நான் இருந்த ஆபீஸில் இப்படி ஒன்று வந்தது. பக்கம் தீர்ந்துபோய்ப் புதுப் புத்தகம் எழுதியபோது யாரோ இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள், அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுப்பித்தலிலும் பதிவேட்டிலும் ஒவ்வொரு தேர்தலின்போதும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீதிலும் அந்தத் தப்பு நம்பரே வந்துகொண்டிருந்தது, துப்பாக்கியைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. அதில் ஒரு புதுப்பித்தலில் என் சுருக்கொப்பமும் இருந்தது. இரும்பில் வெட்டியதுதான் மூலம், காகிதமெல்லாம் நகல் என்பதை அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

அதனால் பழைய காகிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வாங்கிய பில், முதல் புத்தகம், தேர்தல் ரசீதுகள் என்று வருஷ வரிசையில் அடுக்கினால் எந்த வருஷம் நம்பர் மாறியது என்று தெரிந்துவிடும். அந்த நகல்களோடு வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வைத்துக் கலெக்டருக்கு மனு கொடுங்கள் (மாநகரமாக இருந்தால் போலீஸ் கமிஷனருக்கு). திருத்தம் புத்தகத்தில் வந்தால் போதாது. யு.ஐ.என். என்ற தனி அடையாள எண்ணோடு தேசிய ஆயுத லைசென்ஸ் தரவுத்தளத்தில் இருக்கும் பதிவிலும் வந்ததா என்று கேட்டு வாங்குங்கள். பாதிப் பேர் இதை விட்டுவிட்டு அடுத்த புதுப்பித்தலில் மறுபடி மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: தாத்தா காலத்து இங்கிலீஷ் இரட்டைக்குழல், என் பெயரில்தான் லைசென்ஸ். குழலின் அடியில் ஏகப்பட்ட எழுத்தும் எண்ணும் இருக்கின்றன. புத்தகத்தில் நம்பர் “12 சி” என்று இருக்கிறது. சரியா? – வாசகர், குன்னூர்

பதில்: சரியில்லை, ஆனால் இது நான் அடிக்கடி பார்த்த தப்பு. வைர வடிவக் கட்டத்துக்குள் 12, சி என்று இருந்தால் அது 12 போர் (குழலின் அளவு) துப்பாக்கி என்பதற்கான முத்திரை, அதே முத்திரை லட்சக்கணக்கான துப்பாக்கிகளில் உண்டு. பக்கத்தில் கிரீடத்துக்குக் கீழே பி.வி., பி.பி., பி.என்.பி. என்று இருக்கலாம். அவை இங்கிலாந்தின் பர்மிங்காம் சோதனைக் கூடத்தில் கண்ணால் பரிசோதித்தும் அதிக வெடிமருந்து வைத்துச் சுட்டுப் பார்த்தும் தேறியது என்பதற்கான அடையாளங்கள். இரண்டரை அங்குலம் என்று இருந்தால் அது தோட்டா அறையின் நீளம், ஒன்றே அரைக்கால் என்கிற மாதிரி அவுன்ஸ் கணக்கு இருந்தால் போடலாம் என்று அனுமதித்த ரவையின் எடை. இதில் எதுவும் உங்கள் துப்பாக்கிக்கு மட்டும் சொந்தமான எண் இல்லை.

பெரும்பாலும் நாலைந்து இலக்கமாக, குழலின் அடியிலும் குழலுக்குக் கீழே கை பிடிக்கும் முன்கட்டையின் இரும்பிலும் விசையைச் சுற்றியுள்ள ட்ரிக்கர் கார்டின் வாலிலும் ஒரே எண் திரும்பத் திரும்ப வரும். அதுதான் உங்கள் நம்பர். மூன்று இடத்திலும் ஒத்துப்போனால் நிம்மதி. குழலில் மட்டும் வேறு எண் என்றால் எப்போதோ குழல் மாற்றியிருக்கிறார்கள், அப்போது இரண்டு எண்ணையும் மனுவில் எழுதிக் கொடுங்கள், ஒன்றை மறைத்துவிட்டு இன்னொன்றைக் காட்டாதீர்கள். இரண்டு குழலுக்கும் நடுவே மேலே ஓடும் பட்டையில் 1 அல்லது 2 என்று தனியாகப் பொறித்திருந்தால் அது ஜோடியாகச் செய்த துப்பாக்கிகளில் ஒன்று, அதையும் நம்பர் என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: துரு எடுக்கப் பாலிஷ் போடக் கொடுத்தேன், நம்பர் ஏறக்குறைய அழிந்துவிட்டது. லேத் பட்டறையில் அதே நம்பரைத் திரும்ப வெட்டிக்கொள்ளலாமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: தயவுசெய்து கூடாது. நம்பரை அழிப்பது, மாற்றுவது, போலியாகப் பொறிப்பது மூன்றுமே சட்டத்தின் 8வது பிரிவில் குற்றம். அது மட்டுமில்லை, நம்பர் அழிந்த துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அழித்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு உங்கள் தலையில். பாலிஷ் போட்ட பில்லோடு லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கு உடனே எழுத்தில் சொல்லுங்கள். அச்சுக்குத்திய எண் மேலே தேய்ந்துபோனாலும் அடியில் இரும்பு அழுந்திய தடம் இருக்கும், தடய அறிவியல் கூடத்தில் அமிலம் தடவி அதைப் படித்துவிட முடியும். பட்டறையில் புதிதாக வெட்டினால் அந்தத் தடமும் போய்விடும், உங்களைக் காப்பாற்றக்கூடிய சாட்சி அது ஒன்றுதான்.

கேள்வி: எங்கள் குடியிருப்புக்கு ஏஜென்சி அனுப்பிய காவலாளி வடமாநில லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருக்கிறார். நம்பரை ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. போதுமா? – சங்கச் செயலாளர், சென்னை

பதில்: நல்ல வேலை செய்தீர்கள், ஆனால் போதாது. புத்தகமே போலி என்றால் நம்பர் ஒத்துப்போகத்தான் செய்யும், துப்பாக்கியைப் பார்த்துத்தானே அதை எழுதியிருப்பார்கள்? 2021ல் திருவனந்தபுரத்தில் பணம் கொண்டுபோகும் வண்டிக்குக் காவலாகப் போனவர்களைப் போலி லைசென்ஸுக்காகக் கைது செய்தார்கள். அதே வருஷம் ஜம்மு காஷ்மீரில் சி.பி.ஐ. சோதனை நடத்தியது, அங்கே 2012 முதல் 2016 வரை விதியை மீறிக் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட லைசென்ஸ்கள் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். அங்கே சிக்கல் வேறு, புத்தகம் அரசு அலுவலகத்திலிருந்தே வந்தது.

ஆகவே யு.ஐ.என். எண், கொடுத்த அலுவலகம், காலாவதித் தேதி, எந்த மாநிலங்களுக்குச் செல்லும் என்ற வரி, இந்த நான்கையும் படம் எடுத்து உங்கள் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கொடுத்த மாவட்டத்துப் பதிவேட்டில் அவர் பெயரும் அந்தத் துப்பாக்கியும் இருக்கின்றன என்று பதில் வரும்வரை துப்பாக்கி இல்லாத காவலாளியை அனுப்பச் சொல்லி ஏஜென்சியிடம் கேளுங்கள். அந்த மனிதரிடம் மரியாதையாகவே நடந்துகொள்ளுங்கள். லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று யாரோ பணம் வாங்கிக்கொண்டு கையில் திணித்த புத்தகத்தை நிஜம் என்றே அவர் நம்பியிருக்கலாம்.