நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மகிழ்ச்சி தரும் கார் எது?

கேள்வி: எனக்கு வயது 31. வீடு திருமங்கலத்தில், வேலை மதுரை மாட்டுத்தாவணி பக்கம். தினமும் ரிங் ரோடு வழியாகப் போய் வருகிறேன். ஒன்பது ஆண்டுகள் ஓட்டிய சிறிய காரை விற்றுவிட்டு, ஓட்டுவதற்கே ஆசையாக இருக்கும் ஒரு கார் வாங்க நினைக்கிறேன். இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று புதிய ஹூண்டாய் ஐ20 என் லைன் மேனுவல். மற்றது 2022-இல் பதிவாகி 41,000 கிலோமீட்டர் ஓடிய ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜி.டி. 1.5 ஆட்டோமேட்டிக். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பணம்தான் ஆகும். நண்பர்கள் எல்லோரும் விர்ட்டஸைத்தான் சொல்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. எதை வாங்கலாம்?
— வாசகர், திருமங்கலம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த சொல் 'ஆசை'. கார் வாங்க நினைக்கும் பலர் ஆசையை மறைத்துவிட்டு மைலேஜ், மறுவிற்பனை விலை என்று காரணங்களை அடுக்குவார்கள். நீங்கள் நேராகச் சொல்லிவிட்டீர்கள். அதனால் அந்த ஆசையை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஐ20 என் லைனில் இருப்பது 1 லிட்டர் டர்போ எஞ்சின், அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளிச் சக்தி கூட்டும் வகை. 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (சுழற்றும் விசை). நீங்கள் பார்த்த விர்ட்டஸில் 1.5 லிட்டர் டர்போ, 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர். எண்ணை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. உங்கள் நண்பர்கள் எண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். ரிங் ரோட்டில் சரக்கு லாரியை முந்தும் நேரத்தில் அந்த 250 துணை நிற்கும் என்பது உண்மை. சீரான ஓட்டத்தில் நான்கு சிலிண்டர்களில் இரண்டுக்கு ஓய்வு கொடுத்து பெட்ரோலை மிச்சப்படுத்தும் ஏற்பாடும் அதில் உண்டு. நல்ல எஞ்சின். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

நான் 2016-இல் என் டர்போ காரை வாங்கியபோது, நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை வினாடி ஆகும் என்று நான்கு கார்களுக்கு நோட்டில் எழுதி வைத்து, அவற்றில் சிறிய எண் எதுவோ அதை வாங்கினேன். பள்ளியில் இயற்பியல் கற்பித்தவள் நான். எண்களை நம்பிப் பழகியவள். இன்று அந்தக் கார் 88,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அந்த எண் எனக்குப் பயன்பட்ட தருணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நேரமெல்லாம் கோரிப்பாளையத்தில் இரண்டாம் கியர், தல்லாகுளத்தில் மூன்றாம் கியர், ஞாயிறு காலையில் அழகர்கோவில் சாலையில் ஐம்பது, மிஞ்சினால் அறுபது.

ஆனால் அந்த ஐம்பதில்தான் எனக்கு அந்தக் கார் பிடித்துப்போனது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முன்சக்கரம் எங்கே நிற்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரிந்தது. வண்டி ஒரு பக்கம் சாயாமல் திரும்பியது. பிரேக்கில் கால் எவ்வளவு அழுத்தியதோ அவ்வளவு மட்டும் பிடித்தது. இவையெல்லாம் நாற்பதிலும் கிடைப்பவை, தம்பி. வேகத்தில் மட்டும் இனிக்கிற கார் ஒன்றை வாங்கினால் நம் ஊரில் அந்த இனிப்பை என்றைக்கு ருசிப்பீர்கள்? 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 28 மீட்டர் கடக்கிறோம். சாலைக்குள் நுழையும் ஆட்டைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த 28 மீட்டர் கழிந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இதை 29 ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். கப்பலூர்ப் பக்கம் நடுத்தடுப்பின் இடைவெளியில் திடீரென்று குறுக்கே வரும் இருசக்கர வாகனங்களைத் தினமும் பார்ப்பவர் நீங்கள். உங்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே இரண்டு காரையும் மாலை ஆறரை மணிக்கு ஓட்டிப் பாருங்கள். ஷோரூம்காரர்கள் காலை பதினொன்றுக்கு, காலியான சாலையில் ஓட்டிக் காட்டத்தான் விரும்புவார்கள். நீங்கள் காளவாசலுக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள். கிளட்ச் மிதிக்கும் இடது கால் இருபது நிமிடத்தில் வலிக்கிறதா, ஆட்டோமேட்டிக் என்றால் ஊர்ந்து போகையில் வண்டி உதறுகிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். உங்கள் தெருவுக்குள்ளும் ஒரு முறை கொண்டுபோய்த் திருப்பிப் பாருங்கள். ஐ20 நான்கு மீட்டருக்குள் அடங்கும் கார். விர்ட்டஸ் நான்கரை மீட்டருக்கும் மேல்.

ஷோரூமுக்கு நண்பர்களை அழைத்துப் போகாதீர்கள், அம்மாவை அழைத்துப் போங்கள். முன் இருக்கையில் ஐந்து முறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். ஐந்தாவது முறை கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுகிறார் என்றால், அந்தக் காரில் உங்களோடு வருவதை அவர் மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்வார். உங்களிடம் சொல்லவும் மாட்டார். என் தாயார் அப்படித்தான், 'நீ போய்ட்டு வா, நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்' என்று இரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். காரணம் என் காரின் தாழ்ந்த இருக்கை என்று எனக்குத் தெரிய அவ்வளவு காலம் ஆயிற்று. பிறகு நான்கு அங்குல மெத்தை ஒன்று தைத்துப் போட்டேன். அதை முதல் மாதமே செய்திருக்க வேண்டும்.

ஓடிய கார் வாங்குவதில் இன்னொன்றும் இருக்கிறது. டர்போ எஞ்சினுக்கு ஆயில்தான் உயிர். ஒரு முறை தவணை தவறி ஆயில் மாற்றியிருந்தாலும் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சர்வீஸ் பதிவு முழுவதையும் கேளுங்கள். ஓராண்டு விட்டுப்போயிருந்தாலும் வேண்டாம். விர்ட்டஸின் ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியில் இருப்பவை இரண்டு உலர் கிளட்ச்கள், அதாவது ஆயிலில் நனையாதவை. நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது அவை பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்ந்து சூடாகும். முதல் உரிமையாளர் பெருநகர நெரிசலில் தினமும் ஓட்டியவரா, நெடுஞ்சாலையில் ஓட்டியவரா என்பது 41,000 என்ற எண்ணைவிட முக்கியம். விலையிலும் கவனம் தேவை. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய கார்களின் ஜி.எஸ்.டி. குறைந்திருக்கிறது: ஐ20 போன்ற சிறிய கார்களுக்கு 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40. புதியதன் விலை இறங்கினால் பழையதும் இறங்கித்தானே ஆக வேண்டும்? விற்பவர் பழைய பில்லைக் காட்டி விலை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஐ20 என் லைன் மேனுவலைத்தான் வாங்குவேன். இரண்டாம் கியரிலேயே துடிப்பாக இருக்கும். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உண்டு. அதன் வரலாறு உங்கள் கையிலிருந்தே தொடங்கும். மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு சென்னை போய்வருபவராக இருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேன். விர்ட்டஸின் 521 லிட்டர் டிக்கியும் பின் இருக்கையின் தாராளமும் ஐ20-இல் கிடையாது.

கேள்வி: நான் வாங்கியது விர்ட்டஸ் 1.5 டர்போ ஆட்டோமேட்டிக். எஞ்சின் மென்பொருளை மாற்றி எழுதி இன்னும் சக்தி கூட்டித் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
— வாசகர், வாடிப்பட்டி

பதில்: வேண்டாம். அந்த ஏழு கியர் பெட்டி தாங்கும் என்று வடிவமைத்த முறுக்குவிசையே 250 நியூட்டன் மீட்டர்தான். உங்கள் எஞ்சின் இப்போதே அந்த 250-ஐத் தருகிறது. அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொன்றும் கிளட்ச் தலையில்தான் விழும். வாரண்டியும் போய்விடும். மாற்றம் செய்ததைக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டால், விபத்து நேரும் நாளில் இழப்பீடு கேட்டு நிற்க முடியாத நிலை வரலாம். அந்தப் பணத்துக்கு நல்ல டயர்கள் வாங்குங்கள். பிரேக்கும் வளைவும் அன்றைக்கே வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: ஆசைப்பட்டு வாங்கிய கார். எங்கள் ஊர் வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசுகிறது. ஸ்பிரிங்குக்கு மேல் ரப்பர் வைத்து உயர்த்தலாம் என்கிறார்கள். டயரையும் மாற்றிப் பெரிதாகப் போடலாமா?
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: ரப்பர் வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஸ்பிரிங்கும் அதிர்வு தாங்கியும் சேர்ந்து வேலை செய்யும்படி அளந்து வைத்த ஓர் உயரம் இருக்கிறது. அதைக் கெடுத்தால், வளைவில் சாயாமல் திரும்பிய அந்தக் குணம் முதலில் போகும். அதற்காகத்தானே அந்தக் காரை வாங்கினீர்கள்?

வேகத்தடைக்கு முன் வண்டியை ஏறக்குறைய நிறுத்தி, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கொஞ்சம் சாய்வாக ஏற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது வயிறு உரசாது. ஐந்து பேர் இருந்தால் இரண்டு பேரை இறக்கிவிட்டு, தாண்டியதும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆண்டிபட்டி கோயில் திருவிழாவுக்கு உறவினர்களோடு போனபோது ஒரே சாலையில் மூன்று இடத்தில் அப்படி இறக்கினேன். யாரும் கோபிக்கவில்லை, பேச்சு வளர்ந்து பயணம் கலகலப்பானதுதான் மிச்சம்.

டயர் விஷயத்தில் விரிவாகச் சொல்ல வேண்டும். டயரின் பக்கவாட்டில் 195/55 ஆர் 16 என்பதுபோல் எழுதியிருக்கும். 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. கணக்குப் போட்டால் 107 மில்லிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. உலோகச் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருப்பது அந்த ரப்பரும் காற்றும்தான். பெரிய சக்கரம் போட்டால் பக்கச்சுவர் இன்னும் ஒடுங்கும். பார்க்க அழகாக இருக்கும், பள்ளத்தில் நிற்காது.

2019-இல் ஐப்பசி மழையிரவு ஒன்றில், குழாய் பதிக்கத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளம் நீருக்கடியில் இருந்தது எனக்குத் தெரியவில்லை. வலது முன்டயர் இறங்கி ஏறியது. வண்டி நிற்கவில்லை, வீட்டுக்கும் வந்துவிட்டேன். காலையில் பார்த்தால் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைப்பு. உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அதற்கு ஒட்டு கிடையாது, டயரையே மாற்ற வேண்டும். அந்த அளவு மதுரையில் கையிருப்பில் இல்லாமல் நான்கு நாள் காத்திருந்தேன். ஸ்டெப்னி மற்ற நான்கைவிடச் சிறியது. 80-க்கு மேல் ஓட்டக் கூடாது என்று அதன் மேலேயே ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து தேங்கிய நீருக்குள் நான் வண்டியை இறக்குவதில்லை. முன்னால் ஒரு பஸ் போகும்வரை காத்திருந்து, அது எங்கே குலுங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

காற்றழுத்தத்தை வாரம் ஒரு முறை, வண்டியை எடுப்பதற்கு முன் காலையிலேயே பாருங்கள். சித்திரை வெயிலில் ஓட்டிவிட்டுப் பார்த்தால் சூட்டில் அழுத்தம் கூடித் தெரியும். சரியாக இருக்கிறது என்று ஏமாந்துவிடுவோம். கணவாய் ஏறியோ நெடுஞ்சாலையில் விரட்டியோ வந்து நிறுத்தினால் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். ஒரு நிமிடம் எஞ்சின் ஓடட்டும். டர்போவின் சூட்டை ஆயில் வாங்கிக்கொண்டு போக நேரம் கொடுங்கள்.

கேள்வி: 2023 மே மாதம் ஐ20 என் லைன் வாங்கினேன். கிளட்ச் பெடல் இல்லாமல் கியர் மட்டும் கையால் மாற்றும் ஐ.எம்.டி. வகை. அதே செப்டம்பரில் கிளட்ச் உள்ள ஆறு கியர் மேனுவல் வந்து, ஐ.எம்.டி. நின்றுவிட்டது. நான்கு மாதம் பொறுத்திருக்கலாமே என்று தினமும் தோன்றுகிறது. விற்றுவிட்டு மாற்றலாமா?
— வாசகி, கே.புதூர்

பதில்: அம்மா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. கார் வாங்கியதும் மனம் ஓர் உறவை ஏற்றுக்கொண்டதுபோல் நிறைந்துவிடும். அந்த நேரத்தில் இன்னும் நல்லது வந்துவிட்டது என்று கேட்டால் வலிக்கத்தான் செய்யும். எனக்கும் நேர்ந்தது, என் காரை வாங்கிய மறு ஆண்டே இன்னும் வலிமையான எஞ்சினோடு ஒன்று வந்தது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். காரில் ஒரு குறை இருப்பதாக நீங்கள் எழுதவே இல்லை. ஓடும்போது பிடிக்கவில்லை என்றும் எழுதவில்லை. புதூரிலிருந்து நகருக்குள் தினமும் போய்வருகிறீர்கள். அந்த நெரிசலில் உங்கள் இடது காலுக்கு வேலையே இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். கியர் தண்டில் உள்ள உணரி உங்கள் கை நகர்வதை அறிந்து, கிளட்சைத் தானே அழுத்தி விடுகிறது. இதை வடிவமைக்க எவ்வளவு யோசித்திருப்பார்கள்! எஞ்சினும் 120 குதிரைத்திறன் தரும் அதே 1 லிட்டர் டர்போதான். இப்போது விற்றால் நட்டமாகும் தொகைக்கு உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒரு பெடல்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஓட்டும்போது கியர் தண்டின் மேல் கையை ஓய்வாக வைக்காதீர்கள். உங்கள் கையசைவைத்தான் அது கட்டளையாக எடுத்துக்கொள்கிறது.

விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுமுன் ஒரு ஞாயிறு காலை, ஐந்தரை மணிக்குக் கிளம்புங்கள். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் மூன்றாம் கியரில், நாற்பதில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஏறுங்கள். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாம் கியரில் இறக்குங்கள். வேறு எதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பிறகும் அந்தப் பெடல் வேண்டும் என்று தோன்றினால் எனக்கு மறுபடி எழுதுங்கள். என்ன விலைக்குக் கொடுக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம். கிளம்புமுன் ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.