கரை இறங்கும்போது கையில் எது இருக்க வேண்டும்?

வெளிநாட்டு உறவுகள் திருமணத்துக்கு ஊருக்கு வந்து, திரும்பிப் போகுமுன் இங்குள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டு சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல் ஏறுவது இப்போது வன்னியிலும் நடக்கிறது. இம்மாதம் வந்த கடிதங்களில் பல அதைப் பற்றியவை. கப்பலொன்றின் வரவேற்புப் பகுதியில் சில ஆண்டுகள் வேலை செய்தவன் என்பதால், இவற்றுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

*கேள்வி: கனடாவிலிருந்து வரும் என் அண்ணர் குடும்பமும், எங்கள் குடும்பமும், அம்மாவுமாக எட்டுப் பேர் டிசம்பர் விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் கப்பலில் போகவிருக்கிறோம். கரையில் இறங்கும்போது கப்பல் அட்டை மட்டும் போதும், கடவுச்சீட்டை அறையில் பூட்டிவைக்கலாம் என்கிறார் அண்ணர். கடவுச்சீட்டு இல்லாமல் அந்நிய மண்ணில் ஓர் அடியும் வைக்கக் கூடாது என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி? அம்மாவிடம் இருப்பது பழைய லமினேற் செய்த அடையாள அட்டை. மூத்த மகனுக்குப் பதினாறு வயது, இளையவளுக்கு ஒன்பது.*
– ஆசிரியை ஒருவர், வட்டக்கச்சி

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி சரி. ஓர் ஆவணம் போதுமா என்பது, அதை யார் வாங்கிப் பார்க்கப்போகிறார் என்பதைப் பொறுத்தது. கரை இறங்கித் திரும்பும் ஒரு நாளில் உங்களைப் பார்க்கக்கூடியவர்கள் நால்வர்: கப்பல் வாசலில் நிற்கும் ஊழியர், துறைமுக வாயிற்காவலர், குடிவரவு அதிகாரி, ஏதும் நடந்துவிட்டால் பொலிஸோ மருத்துவமனையோ.

கப்பல் ஏறும் முதல் நாளில் உங்கள் ஒவ்வொருவரையும் படம் எடுத்து, ஆளுக்கொரு அட்டை தருவார்கள். அறைக் கதவைத் திறப்பதும், கப்பலுக்குள் செலவைக் கணக்கில் எழுதுவதும், இறங்கி ஏறுவதைப் பதிவதும் அந்த ஒரே அட்டைதான். வாசலில் அதை இயந்திரத்தில் காட்டியதும் ஊழியரின் திரையில் உங்கள் படம் தோன்றும். ஆகவே கப்பல்காரருக்கு அது போதும். ஆனால் அந்தப் படம் பெரும்பாலும் அட்டையில் அச்சிடப்பட்டிருப்பதில்லை. துறைமுக வாயிலில் நிற்கும் காவலரிடம் அந்தத் திரை கிடையாது. அவர் கையில் உங்கள் அட்டை பெயர் எழுதிய ஒரு பிளாஸ்டிக் துண்டு மட்டுமே. 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான சர்வதேச விதிக்கோவையின் பின்னர், துறைமுகத்துக்குள் நுழையும் ஒவ்வொருவரும் இன்னார் என்று உறுதிசெய்வது அவருடைய கடமையாகிவிட்டது. அதனால்தான் பெரியவர்கள் கப்பல் அட்டையோடு அரசு வழங்கிய, படமுள்ள அடையாள ஆவணம் ஒன்றையும் கொண்டுசெல்லும்படி கப்பல்கள் அறிவிக்கின்றன. அண்ணர் கனடாவின் சாரதி அனுமதிப்பத்திரத்தை எப்போதும் பணப்பையில் வைத்திருப்பவராக இருப்பார். அதைத் தாம் ஓர் ஆவணமாகக் கொண்டுபோகிறார் என்ற நினைவே அவருக்கு வந்திருக்காது.

எங்களிடம் அதற்கு ஈடாக இருப்பது தேசிய அடையாள அட்டை. 2017 ஒக்டோபரிலிருந்து வழங்கப்படும் புதிய அட்டையில் ஆங்கிலமும் இருப்பதால், பினாங்குக் காவலர் அதை வாசித்துக் கடவுச்சீட்டின் பிரதியோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். அம்மாவின் பழைய அட்டையில் ஆங்கிலம் இல்லை. ஊரில் எங்கும் செல்லுபடியாகும் அந்த அட்டை, அங்கே வாசிக்கத் தெரியாதவர் கையில் கொடுத்த கடிதம் போன்றது. இன்னும் காலம் இருப்பதால், கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் புதிய அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அதற்குள் கிடைக்காவிட்டால் அம்மாவுக்குக் கடவுச்சீட்டைத் தவிர வேறு ஆவணம் இல்லை என்றே கருத வேண்டும். கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழைக் கொண்டுபோகலாமா என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். அது பரந்தன் சந்தியைத் தாண்டினால் பயன்படுமா என்பதே சந்தேகம். கடலைத் தாண்டினால் நிச்சயமாகப் பயன்படாது.

மூத்த மகனுக்குப் பதினைந்து வயது கடந்துவிட்டதால் அடையாள அட்டை பெறும் தகுதி உண்டு. சாதாரண தரப் பரீட்சைக்காகப் பாடசாலை ஊடாக ஏற்கெனவே எடுத்திருப்பார். இளையவளுக்குக் கப்பல் அட்டையும் கடவுச்சீட்டின் பிரதியும் போதும், பெற்றோரில் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்கும்வரை.

இனிக் கடவுச்சீட்டு. சில கப்பல்கள் ஏறும்போதே எல்லாருடைய கடவுச்சீட்டுகளையும் வாங்கித் தம்மிடம் வைத்துக்கொண்டு, குடிவரவு அதிகாரிகள் கேட்கும் துறைமுகத்தில் மட்டும் திருப்பித் தரும். அப்படியானால் அண்ணரும் கணவரும் வாதாட இடமே இல்லை. வாங்காத கப்பல்களில், அந்தந்த நாட்டின் விதிப்படி நடக்க வேண்டும். ஜப்பானில் வெளிநாட்டுப் பயணி மூலக் கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே பிரதி செல்லாது. எந்தத் துறைமுகத்தில் எது வேண்டும் என்பதை அதற்கு முந்தின நாள் மாலை அறைக்கு வரும் அறிவித்தல் தாளிலோ கப்பலின் செயலியிலோ எழுதியிருப்பார்கள். மூலம் வேண்டும் என்று அதில் இருந்தால் கொண்டுபோங்கள். அப்படி இல்லாவிட்டால் அறைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, பிரதியைக் கொண்டுபோங்கள் என்பதே என் கருத்து.

கணவரின் அச்சம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டு ஓமந்தைச் சோதனைச்சாவடி வரை போய், அங்கிருந்து திரும்பி வந்த தலைமுறை நாங்கள். தேநீர்க்கடைக்குப் போனாலும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை. ஆயினும் அங்கே நடக்கக்கூடிய தீமை வேறு. புக்கெட்டில் கப்பல்கள் பெரும்பாலும் படோங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களைக் கரைசேர்க்கும்; கடலில் நனைவதும், கடற்கரையில் பையை விட்டுவிட்டுக் குளிக்கப் போவதும்தான் அங்கே கடவுச்சீட்டுக்கு வரும் ஆபத்து. ஒருவேளை நேரம் பிந்தி, கப்பல் உங்களை விட்டுப் புறப்பட நேர்ந்தால், ஊழியர்கள் அறைப் பெட்டகத்தைத் திறந்து கடவுச்சீட்டை எடுத்துத் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். நான் வேலை செய்த கப்பலில் அப்படி இரண்டு முறை எடுத்துக் கொடுத்திருக்கிறோம். பெட்டகத்தில் இருந்ததால் எங்களால் உதவ முடிந்தது. பெட்டிக்கடியில் துணிக்குள் ஒளித்து வைத்திருந்த ஒருவருடையதை நேரத்துக்குள் கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். விசா விடயத்தில் அண்ணர் குடும்பத்தின் அனுபவம் உங்களுக்குப் பொருந்தாது. கனடாக் கடவுச்சீட்டுடையவர் மலேசியாவுக்கு விசா இல்லாமல் போகலாம். இலங்கைக் கடவுச்சீட்டுடையவர் முன்கூட்டியே விசா பெற வேண்டும். கப்பல் சில மணி நேரமே நிற்கும் என்பது இதற்கு விலக்கல்ல. விசா இல்லாதவரைச் சிங்கப்பூரிலேயே ஏற்ற மறுக்கவும் கூடும். புறப்பட்ட துறைமுகத்துக்குத் திரும்பி வருவது, அந்த நாட்டுக்குள் இரண்டாவது முறை நுழைவதாகக் கொள்ளப்படும் என்பதையும் மறக்க வேண்டாம். ஐரோப்பியக் கப்பல் பயணங்களில் ஒருமுறை நுழைவுக்கான விசாவை வைத்துக்கொண்டு, இடையில் துனீசியாவுக்கோ துருக்கிக்கோ போய்விட்டுத் திரும்பும் வழியில் சிக்கிக்கொள்பவர்களுக்கு நேர்வது இதுதான். முகவர் வாயால் சொல்வதை நம்பாமல், எட்டுப் பேருடைய கடவுச்சீட்டு விபரங்களையும் அனுப்பி, கப்பல் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பதில் வாங்குங்கள்.

*கேள்வி: என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக என் தந்தையின் பெயரும், மனைவியுடையதில் அவருடைய தந்தையின் பெயரும், பிள்ளைகளுடையதில் என் பெயரும் இருக்கின்றன. நால்வர் ஒரே குடும்பம் என்று நம்புவார்களா?*
– வாசகர் ஒருவர், மாங்குளம்

பதில்: தந்தை பெயரை முன்னே வைத்துக்கொள்ளும் எங்கள் வழக்கத்துக்குக் கடவுச்சீட்டில் தனி இடம் இல்லாததால் வரும் சங்கடம் இது. பெரும்பாலான அதிகாரிகள் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் காட்டுவதற்காக, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் உங்கள் விவாகச் சான்றிதழுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்புகளை எடுத்துச் செல்லுங்கள். இவை கப்பல் ஏறும் நாளுக்கும் குடிவரவுப் பகுதிக்கும் வேண்டியவை; கரையில் சுற்றும்போது தூக்கித் திரிய வேண்டியதில்லை. பெற்றோரில் ஒருவர் மட்டுமோ, தாத்தா பாட்டியோ பிள்ளையை அழைத்துப் போவதானால், வராதவரின் சம்மதக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி, நொத்தாரிசின் சான்றுடன் வைத்திருக்க வேண்டும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது எழுத்துக்கூட்டல். அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயர்கள் எங்களிடையே ஏராளம். பயணப் பதிவைக் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து செய்யுங்கள்; கப்பல் அட்டையில் அச்சாவது அந்தப் பெயர்தான். அடையாள அட்டையில் எழுத்து வேறுபட்டால், துறைமுக வாயிலில் அதைத் தனியே நீட்டாமல் கடவுச்சீட்டின் பிரதியோடு சேர்த்து நீட்டுங்கள்.

*கேள்வி: சுவிற்சர்லாந்தில் அகதிப் பயண ஆவணத்துடன் வாழும் என் தம்பி, துபாயிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் கப்பலில் குடும்பத்துடன் வருகிறார். கப்பல் கொழும்பில் ஒரு நாள் நிற்கும். அவர் இறங்காமல் உள்ளேயே இருந்தால் பிரச்சினை இல்லைத்தானே? நாங்கள் துறைமுகத்துக்குப் போய்ப் பார்க்கலாமா?*
– வாசகர் ஒருவர், நெடுங்கேணி

பதில்: அவரை அந்தக் கப்பலில் ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள். 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் கீழ் வழங்கப்படும் பயண ஆவணம், எந்த நாட்டிலிருந்து தப்பி வந்து தஞ்சம் கோரினாரோ அந்த நாட்டுக்குச் செல்லுபடியாகாது. இறங்காமல் இருந்தாலும், கப்பல் வந்துசேருமுன் பயணிகள் அனைவரின் பெயர்ப்பட்டியலும் துறைமுக அதிகாரிகளிடம் கொடுக்கப்பட்டுவிடும். பிறந்த நாட்டுக்குப் போனதாக ஒரு பதிவு ஏற்படுவது, சுவிற்சர்லாந்தில் அவருடைய அகதி நிலையையே கேள்விக்குள்ளாக்கலாம். முடிவெடுக்குமுன் அங்குள்ள சட்டத்தரணி ஒருவரிடம் அவர் கேட்டாக வேண்டும். கொழும்பைத் தொடாத கப்பல் கிடைத்தாலும், சுவிஸ் கடவுச்சீட்டுக்குரிய விசா விலக்கு தம் ஆவணத்துக்கும் உண்டு என்று அவர் எண்ணிவிடக் கூடாது. போகும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனியாகக் கேட்டறிய வேண்டும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு: துறைமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி, பார்வையாளராக நடந்து உள்ளே போக முடியாது. ஒரு மதிற்சுவருக்கு இரு பக்கமும் நின்று கைத்தொலைபேசியில் பேசுவதற்காக நெடுங்கேணியிலிருந்து கொழும்புக்கு வருவதைவிட, சிங்கப்பூரில் சந்திப்பதற்கு வழி பாருங்கள்.

*கேள்வி: கடவுச்சீட்டைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தால் போதாதா? பிறப்புச் சான்றிதழே போதும் என்று அமெரிக்காவிலுள்ள மைத்துனர் சொல்கிறாரே?*
– வாசகி ஒருவர், முள்ளியவளை

பதில்: மைத்துனர் சொல்வது, அமெரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து புறப்பட்டு அதே துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பல்களில் அமெரிக்கக் குடிமக்களுக்கு உள்ள சலுகை, அவர்களும் வயதுவந்தவர்களானால் படமுள்ள அரச அட்டை ஒன்றைச் சேர்த்துக் காட்ட வேண்டும். உங்களுக்கு அது பொருந்தாது. கைத்தொலைபேசிப் படம் இருக்கட்டும், ஆனால் பற்றரி தீர்வதும் தொலைபேசியே களவுபோவதும் சுற்றுலாவில் நடப்பவை. தாளில் ஒரு பிரதி வேண்டும்: படமுள்ள பக்கம், விசாப் பக்கம், கடைசியாகக் குத்திய முத்திரையுள்ள பக்கம் மூன்றையும் நிறத்தில் பிரதி எடுத்து, நீர் புகாத உறையில் வையுங்கள். சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்த வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவருடைய இறப்பர் முத்திரையைப் பினாங்கில் யாருக்கும் தெரியாது. அந்த அலைச்சல் வேண்டாம்.

*கேள்வி: பினாங்கில் மூலக் கடவுச்சீட்டே தொலைந்துவிட்டால்?*
– வாசகர் ஒருவர், துணுக்காய்

பதில்: முதலில் கப்பலுக்கும் துறைமுக முகவருக்கும் அறிவியுங்கள், அன்றைய அறிவித்தல் தாளில் முகவரின் தொலைபேசி இலக்கம் இருக்கும், அந்தத் தாளையும் பையில் வைத்திருங்கள். அடுத்துப் பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வாங்குங்கள். இலங்கை உயர்ஸ்தானிகராலயம் இருப்பது கோலாலம்பூரில். பினாங்கிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தூரம். தற்காலிகப் பயண ஆவணம் பெற அங்கே போக வேண்டியிருக்கும் என்பதால், கப்பலின் மிகுதிப் பயணம் பெரும்பாலும் கைவிட்டுப் போகும். பொலிஸ் முறைப்பாடு, கடவுச்சீட்டின் பிரதி, அடையாள அட்டை மூன்றும் கையில் இருந்தால் உயர்ஸ்தானிகராலயத்தில் வேலை எளிதாகும். பிரதி மூலத்துடன் ஒரே பையில் இருந்து இரண்டும் சேர்ந்து தொலைந்தால் இது எதுவும் நடவாது. உங்களுடையதை மனைவியின் பையிலும், மனைவியுடையதை உங்கள் பையிலும் வையுங்கள்.

*கேள்வி: கரையில் பிள்ளை கப்பல் அட்டையைத் தொலைத்துவிட்டால் திரும்ப ஏற விடுவார்களா?*
– தாய் ஒருவர், விசுவமடு

பதில்: கப்பல் வாசலில் பெயரைச் சொன்னால் திரையில் படத்தைப் பார்த்து ஏற்றிக்கொள்வார்கள், வரவேற்புப் பகுதியில் பழைய அட்டையை நிறுத்திப் புதியது தருவார்கள். சிரமம் அதற்கு முன்னே, துறைமுக வாயிலில் வரும். ஜோர்ஜ் டவுனில் கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் இறங்குதுறையிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கும் மகா மாரியம்மன் கோயிலுக்கும் நடந்தே போய்விடலாம்; கடைத்தெருவில் தமிழிலேயே பேசித் திரிந்துவிட்டு வருபவர்கள், வாயிற்காவலரும் தமிழ் பேசுவார் என்று எண்ணி வெறுங்கையுடன் வந்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். பிள்ளையின் கடவுச்சீட்டுப் பிரதி உங்களிடம் இருந்தால் அதைக் காட்டலாம். இல்லாவிட்டால் பிள்ளையுடன் அங்கேயே நின்று, கப்பல் ஊழியர் ஒருவரை வாயிலுக்கு வரச் சொல்லும்படி காவலரிடம் கேளுங்கள்.