15,000 ரூபாய்க்குள் கிடைக்கும் குட்டைக் குழாய் டெலஸ்கோப்பில் சனியின் வளையம் தெளிவாகத் தெரியுமா?

தெரியும். ‘தெளிவாக’ என்ற இடத்தில்தான் நான் 13,500 ரூபாயை விட்டேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை நச்சரித்திருக்கும், ‘114/1000’ என்று போட்ட ஒன்றைப் பார்த்து வைத்திருப்பீர்கள். 114 என்பது ஒளியைக் குவிக்கும் கண்ணாடியின் அகலம், 1000 குவியத் தொலைவு, அதாவது ஒளி குவிய எடுத்துக்கொள்ளும் தூரம். இரண்டும் மில்லிமீட்டரில். சாதாரண நியூட்டன் வகை (குழாயின் அடியில் குழிக் கண்ணாடி இருப்பது) என்றால் குழாயும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் இருக்க வேண்டும். அரை மீட்டர்தான் என்றால், ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்) செருகும் குழலுக்குள் ஒரு லென்ஸ் ஒளிந்திருக்கிறது. ஜோன்ஸ்-பேர்ட் அமைப்பு என்பார்கள். பெட்டியில் அதைப் பற்றி மூச்சு இருக்காது.

2020 டிசம்பர் 21, வியாழனும் சனியும் ஒட்டினாற்போல் நின்ற மாலை. அதற்காகவே இப்படியொரு குட்டை 114/1000 வாங்கினேன். 25 மி.மீ. ஐபீஸில் 40 மடங்கு: இரண்டு கிரகங்கள், வியாழனின் நிலாக்கள், எல்லாம் ஒரே வட்டத்துக்குள். மகள் குதித்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். 10 மி.மீ. போட்டு 100 மடங்காக்கினேன். வியாழன் வெந்த ஜவ்வரிசி ஆகிவிட்டது. ஃபோகஸ் திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் மங்கல், நடுவில் ‘டக்’கென்று கூர்மையாகும் இடமே இல்லை. “படத்துல இருந்த கோடெல்லாம் எங்கப்பா?” என்றாள்.

அன்று இரண்டும் அடிவானத்துக்குப் பக்கத்தில் இருந்தன, காற்றின் நடுக்கம்தான் காரணம் என்று யாராவது வருவீர்கள். நானும் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஜனவரியில் உச்சிக்கு வந்த ரோகிணி நட்சத்திரத்தைப் பார்த்தேன். அதுவும் புள்ளியாகவில்லை, பஞ்சு. ஃபோகஸிலிருந்து ஒரு பக்கம் நகர்த்தினால் அழகான வளையங்கள், மறுபக்கம் வெறும் புகை. நல்ல கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். கோள வடிவக் கண்ணாடி தேய்ப்பது மலிவு. ஆனால் அதன் விளிம்பில் படும் ஒளி கொஞ்சம் முன்னாலேயே குவியும், நடுவில் படுவது தள்ளிக் குவியும். அதைச் சரிசெய்யவும், குவியத் தொலைவை நீட்டவும் அந்த லென்ஸ். ஒழுங்காகச் செய்தால் நல்ல யோசனைதான் (ஆப்டிக்ஸ் படித்தவர்கள் அடிக்க வராதீர்கள், நான் வங்கி குமாஸ்தா). இந்த விலையில் யார் ஒழுங்காகச் செய்கிறார்கள்? லேசர் வைத்துக் கண்ணாடியை நேர்செய்யப் போனால், அந்த லென்ஸ் குறுக்கே நின்று கதிரைக் கலைக்கிறது. அதைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டியிருந்தது.

எரிச்சல் என்னவென்றால், அலுவலக நண்பரின் பழைய 114/900-இலும் கோளக் கண்ணாடிதான். நீளக் குழாய் என்பதால் அந்தப் பிழை பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. சனி கத்தி மாதிரி தெரிந்தது. அதற்காகக் குட்டையே கெட்டது என்று சொல்லவில்லை. காவலூர் வானாய்வகத்தின் பெரிய வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் கண்ணாடிக்குக் குவியத் தொலைவு அதன் அகலத்தைப் போல 3.25 மடங்குதான். அது கோளமாக இல்லாமல் பரவளையமாகத் தேய்த்தது, விளிம்பு ஒளியும் நடு ஒளியும் ஒரே இடத்தில் குவியும். இப்போது என்னிடம் இருப்பதும் குட்டைதான்: 130/650, பரவளையம், மேசையில் வைக்கும் டாப்சோனியன் (கையால் தள்ளித் திருப்பும் எளிய தாங்கி). காற்று அசையாத இரவில் சனி வளையத்தின் நடுவே காசினி இடைவெளி, வளையத்தைப் பிரிக்கும் அந்தக் கருப்புச் சந்து, மெல்லிய கோடாகத் தெரிகிறது. விலை கொஞ்சம் கூடத்தான். ‘பரவளையக் கண்ணாடி’ என்று எழுத்தில் இல்லாத குட்டைக் குழாயை, 76/300 உட்பட, கிரகம் பார்க்க வாங்காதீர்கள். நிலாவுக்குப் போதும்.

இத்தனையும் மொட்டை மாடி இருந்தால்தான். எங்கள் குடியிருப்பில் சாவி செயலாளரிடம். வடாம் காயவைக்கத் திறப்பார், டிஷ் ஆன்டெனா மாட்டத் திறப்பார். டெலஸ்கோப் என்றால் மட்டும் “பக்கத்து வீட்டுக்காரங்க தப்பா நினைப்பாங்க சார்” என்கிறார். போன வாரம் மாடிப்படிக்கு நேர் மேலே ஒரு வெள்ளை எல்இடி விளக்கும் போட்டிருக்கிறார், திருட்டுப் பயமாம்.